ஆரணியின் ஆனந்தசிங்கும் விகடனின் சாம்புவும்

ஆரணி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ்நாட்டார் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. வரலாறு கற்றோர் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கூறுவர். ஆற்காட்டு முற்றுகை முடிந்தபின், 1751-ஆம் ஆண்டின் இறுதியில் இராபர்ட் கிளைவின் படை ராஜா சாகிபின் படையையும் அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரரையும் வென்ற களம் ஆரணி. மராத்திய வழிவந்த ஜாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த ஊரும் அதுவே. கமண்டல நாக நதிக் கரையில் தறியோசை கேட்கும் இவ்வூருக்கு இலக்கிய வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் இன்று பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. அதற்கு உரியவர் ஆரணி குப்புசாமி முதலியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் பிறந்து 1925-இல் மறைந்த இவர், ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழ் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்த முன்னோடிகளுள் ஒருவர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின், அதே வகைக் கதைகளைத் தலைகீழாக்கி நகைச்சுவைக் கதைகளாகத் தந்தார் தேவன். அவர் படைத்த துப்பறியும் சாம்பு இன்றும் வாழ்கிறான். அவன் யாரைப் பார்த்து நகைத்தானோ, அந்த முன்னோர் மறக்கப்பட்டனர். கேலி நிலைத்து, கேலிக்கு உள்ளானது அழிந்தது எவ்வாறு? அந்தக் கேலி அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவது இலக்கிய வரலாற்றுக்கு மட்டுமன்றி, அங்கதம் பாடும் கவிஞர்க்கும் பயன் தருவதாகும்.

நான்கு மாதத்தில் பிறந்த நையாண்டி

துப்பறியும் கதை இங்கிலாந்தில் வேரூன்றியபோதே அதில் இந்தியாவின் நிழல் படிந்திருந்தது. 1868-இல் வெளிவந்த வில்க்கி காலின்ஸின் ‘சந்திரகாந்தக் கல்’ என்னும் பொருள்படும் நாவல், ஓர் இந்தியக் கோயிலிலிருந்து களவுபோன வைரத்தைச் சுற்றியே சுழல்கிறது. 1887-இல் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தினார். ஆயினும் ஹோம்ஸ் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது, 1891 ஜூலை முதல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் அவனைப் பற்றிய சிறுகதைகள் வரத் தொடங்கிய பின்னரேயாகும்.

அதே ஆண்டு நவம்பரில் முதல் நையாண்டி வெளிவந்துவிட்டது. எழுதியவர் டாயிலின் நண்பரும் பின்னாளில் ‘பீட்டர் பான்’ நாடகத்தால் புகழ்பெற்றவருமான ஜே. எம். பாரி. மறு ஆண்டில் இராபர்ட் பார் தம் ‘ஐட்லர்’ இதழில் ‘ஷெர்லா கோம்ப்ஸ்’ என்று பெயரைத் திரித்து மற்றொன்று எழுதினார். அமெரிக்காவின் பிரெட் ஹார்ட் ‘ஹெம்லாக் ஜோன்ஸ்’ என்றார். பிரான்சின் மோரிஸ் லெப்லாங் எழுத்துகளை இடம் மாற்றி ‘ஹெர்லக் ஷோல்ம்ஸ்’ என்றார். மார்க் ட்வெய்ன் 1902-இல் ஹோம்ஸையே தம் கதைக்குள் இழுத்துவந்து தோல்வியுறச் செய்தார். டாயிலும் இந்த விளையாட்டிலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை. 1924-இல் மேரி அரசியின் பொம்மை மாளிகைக்கென எழுதிய குறுங்கதையில், வாட்சன் ஹோம்ஸைப் போலவே ஊகிக்க முயன்று ஒவ்வொன்றிலும் தவறுவதாகக் காட்டித் தம் முறையைத் தாமே கேலி செய்துகொண்டார்.

இந்த நையாண்டிகள் அனைத்துக்கும் பொதுவான உத்தி ஒன்று உண்டு. மூலத்தில் துப்பறிவோன் ஒருவனது காலணிச் சேற்றைக் கண்டு அவன் எங்கிருந்து வந்தான் என்பான். அது சரியாக இருக்கும். நையாண்டியிலும் அதே மிடுக்கோடு சொல்வான். அது முற்றிலும் தவறாக இருக்கும். நடை மாறாது, முடிவு மட்டும் கவிழும். இதைச் சுவைக்க வாசகனுக்கு மூலம் மனப்பாடமாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் இதழ் படித்தோர் அனைவரும் ஹோம்ஸை அறிந்திருந்தமையால் நான்கு மாதத்தில் நையாண்டி பிறந்தது. தமிழிலோ அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. கேலி செய்யப்படுவதற்கு முன் துப்பறிவோன் நமக்கு உறவினனாக வேண்டியிருந்தது. அந்த உறவை உண்டாக்கியவர்கள் தழுவலாசிரியர்கள்.

தானவன் முதல் திகம்பர சாமியார் வரை

இவ்வரிசையில் முதலில் நிற்பவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி. தென்னாட்டு நாட்டார் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிட்ட இவர், 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களைப் பற்றிய நூலைத் தந்தார். அந்நாளில் ஹோம்ஸுக்கு இணையாக இங்கிலாந்தில் புகழ் பெற்றிருந்தவன் டிக் டோனவன். அப்பெயர்தான் தமிழில் ‘தானவன்’ என ஒலி மாறியது. தானவன் என்றால் அசுரன் என்பது பொருள். கள்வரைப் பிடிப்பவனுக்கு அசுரப் பெயர் வாய்த்தது, எவரும் எண்ணிச் செய்யாத முதல் நகைச்சுவை எனலாம்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஹோம்ஸை ‘ஆனந்தசிங்’ ஆக்கியவர் இவரே. நாகவேடு முனிசாமி முதலியார் 1915-இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ இதழோடு நெருங்கிய தொடர்பு கொண்டு எழுதிக் குவித்தார். ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவினார். பல பாகங்களாக விரிந்த ‘இரத்தினபுரி இரகசியம்’ அவர் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பியது. பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்டன் லெரூவின் ‘மஞ்சள் அறையின் மர்மம்’ அவர் வழியாகவே தமிழ் வாசகருக்குக் கிட்டியது. அதே காலப் பகுதியில் ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனை நாயகனாகக் கொண்டு ‘இராஜாம்பாள்’ முதலிய நாவல்களை எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரை உலவவிட்டார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவி 1911-இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதினார் என்றால், அக்காலத்தில் தழுவலின் ஈர்ப்பு எத்தகையது என்பது விளங்கும்.

இவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு எளியதன்று. லண்டன் மூடுபனி சென்னையில் இல்லை. குளிர்காயும் கணப்படுப்பு, ஒற்றைக் குதிரை வண்டி, புகையிலைச் சாம்பலைக் கொண்டு ஆளை அறிதல் ஆகியவற்றுக்கு இங்கே பொருள் இல்லை. கைரேகை, தந்தி, இரயில் கால அட்டவணை ஆகியவை மட்டுமே இரு நாட்டுக்கும் பொதுவாயின. ஆகவே இடத்தை மாற்றினர், பெயரை மாற்றினர், சாதி, குலம், உறவுமுறை அனைத்தையும் புதிதாக அமைத்தனர். ஆனந்தசிங் என்ற வடநாட்டுப் பெயரும், இரத்தினபுரி போன்ற கற்பனை ஊர்ப் பெயர்களும் இத்தேவையிலிருந்தே பிறந்தவை எனக் கருதலாம். நம்பக்கூடிய அளவுக்கு அருகிலும், ‘நம் தெருவில் இப்படி நடக்காதே’ என்று எவரும் கேட்காத அளவுக்குத் தொலைவிலும் கதை நிகழ்ந்தாக வேண்டும். ‘சிங்’ என்னும் இரண்டெழுத்து அந்த இடைவெளியைச் சரியாக அளந்து தந்தது.

அக்காலத்து அரசியல் சூழலையும் மறத்தல் ஆகாது. சென்னை மாகாணத்தில் குற்றப் புலனாய்வுத் துறை 1906-இல் அமைக்கப்பட்டது. ‘சி.ஐ.டி.’ என்ற சொல் தேசபக்தர்களின் பின்னால் அலையும் நிழலைக் குறித்தது. 1908 முதல் புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியாரின் வாயிலை அந்நிழல் விட்டு அகன்றதில்லை. உண்மை உலகில் அச்சம் தந்த ஒற்றனைக் கதையுலகில் அபலைகளின் துணைவனாக்கிக் காட்டினர் தழுவலாசிரியர்கள். கோவிந்தனும் திகம்பர சாமியாரும் ஏழைக்காகவும் பெண்ணுக்காகவும் துப்பறிந்தனர். தீயோர் தண்டிக்கப்பட்டு அறம் வெல்வதைக் காட்டவே இக்கதை என்னும் உறுதிமொழி அக்கால நாவல் முன்னுரைகளில் வழக்கமாக இடம்பெற்றது. அதனை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட இயலாது. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட காலத்தில் அந்த உறுதிமொழிக்குத் தேவை இருந்தது. கூடி வாசித்தலிலிருந்து தனித்து மௌனமாக வாசித்தலுக்குத் தமிழ்ச் சமூகம் நகர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்னும் 2002-ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்துள்ளார். அந்த நகர்வில் துப்பறியும் நாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. கதையின் நடுவே நிறுத்தி, மறுநாள்வரை காத்திருக்க எவராலும் இயலவில்லை.

இவ்வாறு முப்பது, நாற்பது ஆண்டுகளில் தமிழ் வாசகனுக்குத் துப்பறியும் கதையின் இலக்கணம் முழுதும் பழக்கமாயிற்று. மாறுவேடம் வரும், சுரங்கவழி வரும், காணாமற்போன உயில் வரும், காவல் அதிகாரி திகைப்பார், துப்பறிவோன் புன்னகைப்பான். எல்லோருக்கும் தெரிந்துவிட்ட இலக்கணத்தை மீறுவதே நகைச்சுவைக்கு வாயில். அந்த வாயிலில் வந்து நின்றவன் சாம்பு.

சாம்புவின் அறியாமை

1926-இல் தொடங்கி 1928-இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த ‘ஆனந்த விகடன்’, சிரிப்பையே தன் தொழிலாகக் கொண்டது. அவ்விதழில் கல்கிக்குப் பின் ஆசிரியப் பொறுப்பின் சுமையைத் தாங்கியவர் தேவன் எனப்பட்ட ஆர். மகாதேவன். 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்து 1957-இல் மறைந்த இவர், 1940-களில் துப்பறியும் சாம்புவை ஐம்பது கதைகளில் உலவவிட்டார். ஓவியர் ராஜுவின் கோடுகள் சாம்புவுக்கு மறக்க இயலாத மூக்கைத் தந்தன.

சாம்பு வங்கிக் குமாஸ்தா. அறிவு குறைந்தவன் என்று ஊரார் முடிவு கட்டிவிட்ட ஆள். அவன் துப்பறிவதில்லை, துப்புகளே அவன்மேல் வந்து விழுகின்றன. தடுக்கி விழுவான், விழுந்த இடத்தில் களவுபோன பொருள் இருக்கும். பயந்து ஓடுவான், ஓடிய திசையில் கள்வன் நிற்பான். பேச்சு வராமல் விழிப்பான். அந்த மௌனத்தையே பேரறிவின் அடையாளமாகக் கொள்வார் இன்ஸ்பெக்டர் கோபாலன்.

தேவனின் நுட்பம் முழுதும் இந்தக் கோபாலனிடத்தில் இருக்கிறது. டாயிலின் கதைகளில் அறிவு ஹோம்ஸிடம், வியப்பு வாட்சனிடம், தோல்வி காவல் அதிகாரியிடம். ஆங்கில நையாண்டியாளர்கள் ஹோம்ஸின் ஊகத்தைத் தவறாக்கினர், அமைப்பைத் தொடவில்லை. தேவனோ அமைப்பையே மாற்றினார். வாட்சனையும் காவல் அதிகாரியையும் ஒரே ஆளாக்கினார். அத்துடன், ஊகிக்கும் திறனையும் ஹோம்ஸிடமிருந்து பிடுங்கி அந்த ஆளிடமே கொடுத்துவிட்டார். கதை முடிவில் ‘நீர் இதைக் கண்டது எவ்வாறு’ என்பதற்குக் காரணகாரியத் தொடர் கட்டித் தருபவர் கோபாலனே. அத்தொடர் தருக்கப் பிழையற்றது, மிக அழகானது, முற்றிலும் பொய்யானது. உண்மையில் துப்பறியும் ஆற்றல் உடையவர் அவரே. ஆனால் அதனை அவர் அறியார்.

தொல்காப்பியம் நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் மடத்தையும் தனித்தனியே வைக்கிறது. அறிவின்மை பேதைமை எனவும், கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் மடம் எனவும் உரைமரபு வேறுபடுத்தும். சாம்புவிடம் இருப்பது பேதைமை. கோபாலனிடம் இருப்பது மடம். முதலாவதைக் கண்டு சிரிக்கிறோம். இரண்டாவதைக் கண்டு சிரிக்கும்போது சற்றே துணுக்குறுகிறோம். புகழ்பெற்ற ஒருவரின் வெறுமையான சொற்களில் ஆழ்பொருள் காணும் பழக்கம் காவல் நிலையத்தோடு நின்றுவிடுவதன்று. கவியரங்கும் அதனை அறியும். ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்று ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியைக் கோபாலன் ஒருமுறை பின்பற்றியிருந்தால், சாம்புவின் புகழ் ஒரே கதையோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அறியாமையே துப்புத் துலக்கும் என்பது இந்நாட்டுக்குப் புதிய கற்பனையன்று. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில் ஹரிசர்மன் என்னும் ஏழை அந்தணன் வருகிறான். முக்காலமும் அறிந்தவன் என்று பொய்யாகப் பெயர் எடுத்துவிட்ட அவனிடம், அரண்மனைக் களவைக் கண்டுபிடிக்குமாறு அரசன் ஆணையிடுகிறான். அன்றிரவு தனியறையில் கிடந்து, வீண் பெருமைக்கு ஆசைப்பட்ட தன் நாவைத்தான் அவன் வைது புலம்புகிறான். நாவுக்கு வடமொழியில் ஜிஹ்வா என்று பெயர். களவு செய்த பணிப்பெண்ணின் பெயரும் ஜிஹ்வா. கதவருகே நின்று கேட்டவள் தான் அகப்பட்டுவிட்டதாக எண்ணி, உள்ளே வந்து உண்மை முழுவதையும் சொல்லிவிடுகிறாள். சாம்புவின் பாட்டன் ஹரிசர்மன் என்றால் மிகையாகாது. பேக்கர் தெருவிலிருந்து வந்த சட்டையை நம் பழங்கதையின் உடம்புக்கு அணிவித்தார் தேவன். சட்டை பொருந்தாமையே சிரிப்பாயிற்று. நாட்டார் கதைகளைத் திரட்டிய நடேச சாஸ்திரியே தானவனையும் தமிழுக்குத் தந்தார் என்பதை எண்ணும்போது, இவ்விரு ஓடைகளும் தொடக்கம் முதலே அருகருகே ஓடியமை புலனாகும்.

களவா, நெசவா?

தழுவலாசிரியர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் கடுமையானது. மூலநூலாசிரியர் பெயர் முகப்பில் இல்லாத நூல்கள் அக்காலத்தில் ஏராளம். துப்பறியும் கதையே களவுப்பொருள் என்றால் அதைவிட நகைப்புக்கு இடமானது வேறில்லை. பிறமொழிப் படைப்பை மொழிபெயர்க்க வேண்டுமேயன்றித் தழுவக்கூடாது என்று புதுமைப்பித்தன் வாதிட்டார். மூலத்தின் முகத்தை மறைப்பது மூலத்துக்கும் நன்றன்று, தமிழுக்கும் நன்றன்று என்னும் அக்கொள்கையில் நேர்மை உண்டு. இலக்கியத் திறனாய்வு அவர் பக்கமே நின்றது, அது முறையே.

ஆயினும் ஆரணியில் வாழ்வோர் இவ்வழக்கை வேறொரு கோணத்திலும் காண இயலும். ஆரணித் தறிகளில் ஏறும் கச்சாப்பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது. இழை அயலூரிலிருந்து வந்தது என்பதால் சேலையை எவரும் களவு என்று கூறுவதில்லை; ஆரணிப் பட்டு என்றே அழைக்கின்றனர். பாவு ஓட்டுவதும், சாயம் ஏற்றுவதும், ஊடை கொடுத்து நெய்வதும் இவ்வூரின் கைகள். ஒப்புமை முழுதும் பொருந்துவதன்று. நெசவாளி இழைக்கு விலை கொடுக்கிறான், தழுவலாசிரியர் கொடுக்கவில்லை. அந்தக் கடன் கடனே. ஆனால் நெய்யப்பட்ட துணியைக் கணக்கில் சேர்க்காமல் கடனை மட்டும் எழுதிவைப்பதும் நேர்மையன்று. ஆங்கிலம் அறியாத பல்லாயிரவர்க்கு, காரணகாரியத்தைத் தொடர்ந்து சென்று உண்மையை அறியும் இன்பத்தைத் தமிழ் உரைநடையில் ஊட்டியவர்கள் இவர்கள். நாவல் வாசிக்கும் பழக்கத்தையே பலருக்கு அளித்தவர்களும் இவர்களே.

அவர்களுக்குக் கிடைத்த நிலைபேறோ வேறுபட்டது. வடுவூராரின் திகம்பர சாமியாரை 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்படமாக்கி, எம். என். நம்பியாரைப் பல வேடங்களில் தோன்றச் செய்தது. ரங்கராஜுவின் இராஜாம்பாளும் திரை கண்டாள். சாம்பு மேடையேறினான், பின்னர்க் காத்தாடி ராமமூர்த்தி வடிவில் தொலைக்காட்சியிலும் தோன்றினான். தேவனின் நூல்கள் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. ஆனந்தசிங்குக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994-இல் அமைந்த சென்னை ஆராய்ச்சி நூலகம் போன்ற சேமிப்புகள் இல்லாதிருப்பின், அக்கால நாவல்களில் பல பெயரளவில்கூட எஞ்சியிருக்கமாட்டா.

நையாண்டிக்கும் மூலத்துக்கும் உள்ள உறவைப் பொதுவாகப் பகையென எண்ணுவர். மேலே கண்ட வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பாரி டாயிலைக் கேலி செய்தது நட்பினால். டாயில் தம்மையே கேலி செய்துகொண்டது உறுதியினால். தேவன் துப்பறியும் கதையைக் கவிழ்க்க முடிந்தது, அது கவிழ்க்கத் தகுந்த அளவுக்கு உறுதியாக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததனால். சாம்புவைப் படித்து நகைக்கும் ஒவ்வொரு வாசகனும், தான் அறியாமலே, ஆனந்தசிங்கும் கோவிந்தனும் கற்பித்த பாடத்தைத் தெரிந்தவனாக நடந்துகொள்கிறான். ‘இந்த இடத்தில் துப்பறிவோன் புன்னகைக்க வேண்டுமே, இவன் தும்முகிறானே’ என்று சிரிப்பதற்கு, புன்னகைக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். அதைத் தெரிவித்தவர் யாரென்று நாம் கேட்பதில்லை.

கோபாலனின் பிழையும் இதுவே. கண்முன் நிகழ்ந்த வெற்றிக்கு உரியவரை விட்டுவிட்டு வேறொருவருக்கு மாலையிட்டார் அவர். தமிழ் நகைச்சுவையின் வெற்றிகளுள் ஒன்றாகிய சாம்புவுக்கு மாலையிடும்போது, தேவனுக்குரிய பங்கு சிறிதும் குறையாமலே, அதில் ஒரு பூ ஆரணிக்கும் உரியது. பட்டுக்கும் அரிசிக்கும் அடுத்து மூன்றாவதாக இவ்வூர் சொல்லிக்கொள்ளத்தக்க பெயர் ஒன்று உண்டு. அதனைச் சொல்லத் தொடங்க வேண்டியவர்கள் இவ்வூரார்.